மூக்கு கழன்றால்தான் குடை விரியும்

பட்டறைப் பயிற்றுநர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்களில் பாதிப் பேர் என்னைவிட அதிகம் படித்தவர்கள், மீதிப் பேர் என்னைவிடப் பொறுமைசாலிகள். இரண்டும் நல்லதுதான். நான் முப்பத்து மூன்று வருடம் ஒரு பாலிடெக்னிக் பட்டறையில் ஃபோர்மேனாகக் குப்பை கொட்டியவன். லேத் எப்படி ஓட்டுவது, வெல்டிங்குக்கு எந்தக் கண்ணாடி போடுவது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அது புத்தகத்தில் இருக்கிறது, இப்போது போனிலும் இருக்கிறது. நான் சொல்ல வந்தது வேறு. தப்பு உங்கள் கையால் நடந்து, பழி இன்னொருவர் தலையில் விழுகிறது என்று வையுங்கள். உங்களைத் தவிர யாருக்கும் அது தெரியாது. அடுத்த அரை மணி நேரம் என்ன செய்வீர்கள்?

எனக்கு அந்த அரை மணி நேரம், ஓய்வு பெறுவதற்கு ஒன்றரை வருடம் முன்பு வந்தது. ஒரு பொம்மை ராக்கெட்டால் வந்தது.

பொம்மை என்று சொன்னது நூர்ஜஹான் காதில் விழுந்தால் சண்டைக்கு வருவார். 'மாதிரி ராக்கெட்' என்று சொல்ல வேண்டும். நூர்ஜஹான் எங்கள் கல்லூரியில் ஒரு வருட ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்த ஆய்வகப் பயிற்றுநர். சேலம் டவுனில் அவருடைய அப்பா குடைக்கடை வைத்திருந்தார். தினமும் அங்கிருந்து இரண்டு பஸ் மாறி, நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் இருக்கும் எங்கள் கல்லூரிக்கு வருவார். வந்த மூன்றாம் மாதமே ராக்கெட் மன்றம் ஒன்று ஆரம்பிக்க அனுமதி கேட்டார். முதல்வர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அந்த அம்மா விடவில்லை. மாணவர்களை வைத்துக்கொண்டு ஐந்து ராக்கெட் செய்தார், ஐந்தும் ஏதோ ஒரு விதத்தில் உடைந்தன. உடைந்ததை எல்லாம் ஒரு உரச் சாக்கில் போட்டு என் பட்டறை மூலையில் வைத்தார். "எடத்த அடைக்குது, தூக்கி எறியும்மா" என்று நான் வாரம் ஒருமுறை திட்டுவேன். "எறிஞ்சா எது ஏன் ஒடஞ்சுதுன்னு மறந்துடும் சார்" என்பார்.

ஆறாவது ராக்கெட் நன்றாக வந்தது. என் இடுப்பு உயரம். அட்டைக் குழல் உடம்பு, அட்டைத் துடுப்பு மூன்று, கல்யாண முருங்கைக் கட்டையில் நானே கடைந்து கொடுத்த மூக்கு. மோட்டார் என்பது மருந்து அடைத்த ஒரு சின்னக் கூடு. அதை நாங்கள் செய்யவில்லை, உரிமம் உள்ள இடத்திலிருந்து அனுமதியோடு வரவழைத்தோம். நீங்களும் எந்தக் காலத்திலும் அதைக் கையால் செய்யப் போய்விடாதீர்கள். ராக்கெட் உச்சிக்குப் போனதும் அந்த மோட்டாரின் மேல்பக்கம் சின்னதாக ஒரு வெடி வெடிக்கும். அந்த வேகத்தில் மூக்கு கழன்றுகொள்ளும். மூக்கு கழன்றால் உள்ளே மடித்து வைத்த பாராசூட் வெளியே வந்து விரியும். அதை நாங்கள் குடை என்றுதான் சொல்வோம், ஏனென்றால் அது அவருடைய அப்பா கடையின் கறுப்புக் குடைத்துணியில் அவரே தைத்தது.

எங்கள் தாளாளர் ரிக் வண்டி வைத்து மேலே வந்தவர். இருபது வருடம் ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போட்டுவிட்டு, அதற்கப்புறம் கல்லூரி கட்டினார். புது ஆய்வகக் கட்டடத் திறப்பு விழாவில் ராக்கெட் விடலாம் என்று அவரே ஆசைப்பட்டார். நூர்ஜஹானின் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது என்பதும் அவருக்குத் தெரியும். "ராக்கெட்டு பத்திரமா எறங்கட்டும், அந்தப் புள்ளைக்கு நெரந்தர ஆர்டர் போட்டுரலாமுங்க" என்று என்னிடம் சொல்லியிருந்தார். நாமக்கல்காரர்கள் ராக்கெட் விட்டால் உள்ளே முட்டை வைத்துத்தான் விட வேண்டும் என்று முதல்வர் ஒரு யோசனை சொன்னார். முதலில் ராக்கெட் திரும்பி வரட்டும், ஆம்லெட்டை அப்புறம் பார்க்கலாம் என்றேன்.

விழா மாலை நாலு மணிக்கு. எங்களிடம் மோட்டார் இரண்டு இருந்தது. ஒன்றை விழா நாளன்றே காலை ஏழு மணிக்கு வெள்ளோட்டத்துக்கு வைத்துக்கொண்டோம்.

இங்கேதான் என் கை உள்ளே வருகிறது. நான் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் பட்டறையிலிருந்து எந்த வண்டியும் சந்தனம் குங்குமம் வைக்காமல் ரோட்டில் இறங்கியது கிடையாது. வெள்ளோட்டம் என்றாலே என் கை தானாகச் சந்தனக் கிண்ணத்துக்குப் போய்விடும். நூர்ஜஹான் குடையை மடித்து வைத்து, மூக்கைப் பொருத்தி, ராக்கெட்டை என் கையில் கொடுத்துவிட்டு ஒயர் இணைக்கப் போனார். நான் கெட்டியாகக் கரைத்த சந்தனத்தை எடுத்து ராக்கெட்டைச் சுற்றி மூன்று இடத்தில் பொட்டு வைத்தேன். மூக்கும் உடம்பும் சேருகிற கோட்டின் மேலேயே வைத்தேன், பார்க்க அங்கேதான் லட்சணமாக இருந்தது. மேலே குங்குமமும் வைத்தேன். முதல்வர் போட்டோகூட எடுத்தார். அதற்கப்புறம் தாளாளர் வரக் காத்திருந்த முக்கால் மணி நேரம் ராக்கெட் வெயிலில் நின்றது.

ராக்கெட் கிளம்பியது. அது போன வேகத்தைப் பார்த்து நான் சின்னப் பையன் மாதிரி கத்தினேன் என்று பின்னால் சொன்னார்கள். உச்சியில் 'டப்' என்று சத்தமும் கேட்டது. ஆனால் மூக்கு கழலவில்லை, குடை வரவில்லை. போன வேகத்திலேயே தலைகீழாக வந்து, பக்கத்துக் குச்சிக்கிழங்குக் காட்டில், அதுதான் மரவள்ளித் தோட்டத்தில், ஆணி அடித்த மாதிரி இறங்கியது. கொஞ்ச நேரத்தில் காட்டுக்காரர் வேலியோரம் வந்து நின்றார்.

"ஏனுங்க, உங்க சாமான் ஒண்ணு எங்க காட்டுல உழுந்து கெடக்குதுங்க. கெழங்கு மேலயே குத்தி நிக்குது. தொட்டா வெடிக்குமுங்களா?"

தாளாளருக்குச் சிரிப்பு வரவில்லை. "என்னங்க ஃபோர்மேன் இது? குடை விரியலீங்களே" என்றார்.

"குடைய மடிச்சது நூர்ஜஹான் மேடம்ங்க" என்று முதல்வர் எடுத்துக் கொடுத்தார். சில பேருக்கு அந்த வேலை மட்டும் யாரும் சொல்லாமலே வரும்.

"அப்பறம் என்னத்தப் பேசறது? சாயங்காலம் பெரிய மனுசங்க வாராங்க. இது அவங்க தலையில எறங்கியிருந்தா? ராக்கெட்டு வேண்டாமுங்க, பலூனு உட்டுக்கலாம். அந்தப் புள்ளையும் இந்த மாசத்தோட நின்னுக்கட்டும்."

நூர்ஜஹான் பத்தடி தள்ளித்தான் நின்றிருந்தார். எல்லாம் காதில் விழுந்தது. காட்டுக்குள் போய் உடைந்த துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார். நானும் மடிப்பில்தான் தப்பு என்று நினைத்தேன். பார்க்காமலே நினைத்தேன். அந்த நாளில் நான் வெட்கப்பட வேண்டியவற்றில் முதலாவது அதுதான்.

கிடைத்ததை என் மேசைக்குக் கொண்டு வந்தோம். குழலின் மேல்பாதி கசங்கிப் போயிருந்தது. துடுப்பு ஒன்று முறிந்திருந்தது. மோட்டார் கூட்டைக் காணோம். அதைத் தேடிவருகிறேன் என்று நூர்ஜஹான் மறுபடி காட்டுக்குப் போனார். நான் குழலைக் கிழித்தேன். குடை உள்ளே அப்படியே இருந்தது, கல்யாணப் பட்டுப்புடவை மாதிரி அழகான மடிப்பு. அந்த மடிப்பில் யாரும் குறை சொல்ல முடியாது. அப்புறம் மூக்கைக் கையில் எடுத்தேன்.

மூன்று பொட்டும் காய்ந்து சிமெண்டாக இருந்தன. ஒவ்வொரு பொட்டிலும் குழலின் காகிதத் தோல் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. சந்தனத் தண்ணீர் இடுக்கில் இறங்கி, அட்டை ஊறிப் பருத்து, வெயிலில் அப்படியே இறுகிவிட்டது. உச்சியில் வெடி ஒழுங்காகத்தான் வெடித்திருக்கிறது. முன்பக்கம் வழி இல்லாததால் பின்பக்கமாக மோட்டாரைத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறது. நான் ஆசையாக வைத்த பொட்டு ராக்கெட்டின் வாயை ஒட்டிவிட்டது.

பட்டறையில் அப்போது யாரும் இல்லை. குழாய் மூன்றடி தூரத்தில் இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன், நான் மூக்கை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன், குழாயையும் திறந்தேன். ஓய்வுக்கு ஒன்றரை வருடம் இருக்கிற மனிதன், முப்பது வருடம் சேர்த்த பெயர், கேவலம் ஒரு சந்தனப் பொட்டில் போவதா என்று தோன்றியது. அந்தப் பெண்ணுக்கு வயது இருக்கிறது, வேறு வேலை கிடைக்கும் என்றும் தோன்றியது. மனசுக்குச் சாக்கு கண்டுபிடிக்கச் சொல்லித்தர வேண்டுமா?

என்னை நிறுத்தியது பெரிய ஞானம் ஒன்றும் இல்லை, ஒரு பழைய அவமானம். பாடிப் பட்டறையில் எனக்கு முதல் வருடம். ரோட்டில் முறிந்துபோன ஒரு லாரி அச்சு எங்களிடம் வந்தது. நல்ல பேர் வாங்க வேண்டும் என்று நான் அதை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று மேசைமேல் வைத்தேன். முறிந்த இடத்தில் எவ்வளவு துரு, எவ்வளவு எண்ணெய் என்று பார்த்தால்தான் அது எப்போது விரிசல் விட்டது, தப்பு டிரைவருடையதா பழையதா என்று தெரியும். எங்கள் மேஸ்திரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சாட்சியக் குளிப்பாட்டிக் கூட்டியாந்திருக்கற. நல்ல ஆளுடா நீ" என்றார். அந்த டிரைவரின் வேலை போனது. தப்பு அவருடையதா இல்லையா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

குழாயை மூடினேன். ஆனாலும் தாளாளரிடம் உடனே போகவில்லை. மூக்கைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். நூர்ஜஹான் முந்தானையில் மண்ணோடு திரும்பி வந்து மோட்டார் கூட்டை மேசையில் வைத்தார். ராக்கெட் விழுந்த இடத்திலிருந்து எங்கேயோ தள்ளிக் கிடந்ததாம். நான் மூக்கை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. எனக்குச் சுருக்கென்றது.

"உனக்குத் தெரியுமா?"

"நீங்க வெச்சப்பவே பாத்தேன் சார்."

"பாத்துட்டு ஏம்மா சொல்லல?"

அவர் மூக்கைக் கையில் எடுத்தார். "நீங்க பொட்டு வெக்கறீங்க, நான் போய் வேணாம்னு சொல்றதா? நூர்ஜஹான் பொட்ட அழிக்கச் சொன்னான்னுதான் காலேஜ் பூரா பேசுவாங்க. இறுகாதுன்னு நெனச்சேன். இறுகக் கூடாதுன்னு துஆ கூடப் பண்ணேன்."

இந்த இடத்தைத்தான் நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். ராக்கெட்டைச் சந்தனம் மட்டும் கெடுக்கவில்லை. தப்பு நடக்கிறது என்று அங்கே ஒருவருக்குத் தெரிந்திருந்தது, அவரால் வாய் திறக்க முடியவில்லை. அப்படி ஒரு பட்டறையை முப்பது வருடமாக நடத்தியவன் நான்தான். என்னிடம் யாரும் எதையும் சொல்லலாம் என்று அதுவரை பெருமை பேசிக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது, கோபம் முழுக்க என் மேலேதான்.

"நான் போய்ச் சொல்லிட்டு வாரேன்" என்று எழுந்தேன். அவர் பதறிவிட்டார்.

"சொல்லாதீங்க சார். பொட்டாலதான் உழுந்துச்சுன்னு நீங்க போய் நின்னா, நான்தான் உங்களைத் தூண்டி விட்டேன்னு ஆகிடும். வேலை போனாப் போகட்டும். கெட்ட பேரோட போக வேண்டாம்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. உண்மையைச் சொன்னால் மட்டும் போதாது. யார் சொல்வது, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சொன்னால் அதுவும் ஒருவரைச் சுடும். "நீ வராத. உன் பேரு என் வாயில வராது" என்று சொல்லிவிட்டு, மூக்கையும் மோட்டார் கூட்டையும் மடித்த குடையையும் ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு போனேன்.

தாளாளர் பந்தலடியில் நாற்காலி போடுகிறவர்களிடம் கத்திக்கொண்டிருந்தார். நான் குடையைக் காட்டினேன். "மடிப்பு சரியா இருக்குதுங்க. வெடி வெடிச்சிருக்குது, முன்னால தொறக்காம பின்னால மோட்டாரத் தள்ளியிருக்குது. ஜாம் ஆனது இந்த மூக்கு. ஜாம் ஆனதுக்குக் காரணம் என்னோட கைங்க" என்று சொல்லி மூக்கை நீட்டினேன்.

அவர் முகம் மாறியது. "பொட்டு வெச்சதாலதான் உழுந்துச்சுங்கறீங்களா ஃபோர்மேன்? ஆருகிட்ட வந்து என்ன பேசறீங்க?"

"பொட்டாலன்னு சொல்லலீங்க. வெச்ச எடத்தாலன்னு சொல்றேன். நீங்களே தொட்டுப் பாருங்க."

அவர் மூக்கை வாங்கினார். கட்டை விரலால் அந்தச் சந்தனக் கட்டியைத் தேய்த்தார். அசையவில்லை. நகத்தால் சுரண்டினார், காகிதத் தோல் உரிந்து வந்தது. அந்த நொடியில் அவருக்குள் இருந்த தாளாளர் போய், பழைய ரிக்காரர் வெளியே வந்தார். மோட்டார் கூட்டையும் மூக்கையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்க ஃபோர்மேன், எங்க ரிக்குல உசரமா நிக்கற மாஸ்டுக்கு மாலை போடுவோம், இஞ்சினுக்குப் பொட்டு வெப்போம். ஒரு ராடோட இன்னொரு ராடத் திருகி மாட்டற புரியில ஆராச்சும் சந்தனம் பூசுவாங்களா? சாமிக்கு வெக்கறதுக்கும் ஒரு எடம் இருக்குதுங்களே!"

"இருக்குதுங்க. முப்பது வருசமா வண்டிக்கு வெச்ச கை, தெரியாமப் போயிருச்சு."

"அந்தப் புள்ள மேல தப்பில்லைங்கறீங்க."

"ஒரு துளி இல்லீங்க. இன்னொரு மோட்டார் இருக்குது. நாலு மணிக்கு உடறோம். உழுந்தா நான் இன்னைக்கே எழுதிக் குடுத்துட்டுப் போயிடறேன்."

"நீங்க போயிருவீங்க, ஊட்டுல காபி குடிச்சுட்டுக் கெடப்பீங்க. உழுந்தா அந்தப் புள்ளையும்தான் போகணும். ரெண்டாவது தடவைக்கு நான் ஆருக்கும் பதில் சொல்ல முடியாது" என்றார். அது கருணை இல்லை, ஆனால் நேரம் கிடைத்தது. அப்போது மணி ஒன்பதரை.

பட்டறைக்கு வந்து உரச் சாக்கைத் தரையில் கொட்டினோம். ஐந்து உடைந்த ராக்கெட்டும் ஒன்றாக விழுந்தன. எறியச் சொல்லித் திட்டியவன் முட்டி போட்டுப் பொறுக்கினேன். நூர்ஜஹான் அதைச் சொல்லிக் காட்டாமல் விட்டாரே, அது அவர் பெருந்தன்மை. எல்லாம் ஒரே அளவுக் குழல் என்பதால் மூன்றாவது ராக்கெட்டின் நீல நிற முன்பாதியை எடுத்து, இன்றைக்கு விழுந்ததன் வெள்ளைப் பின்பாதியோடு சேர்த்தோம். இணைப்புக்கு, கசங்கிய குழலில் தேறிய ஒரு துண்டையே நீளவாக்கில் வெட்டி உள்ளே செருகினோம். எப்படி ஒட்டினோம் என்பதை விடுங்கள், அது உங்களுக்கே தெரியும். எதைத் தூக்கி எறிந்தோம் என்பதைச் சொல்கிறேன்.

துடுப்பு மூன்றில் ஒன்றுதான் முறிந்திருந்தது. மற்ற இரண்டும் பார்வைக்கு நன்றாக இருந்தன. ஒன்றை மட்டும் மாற்றினால் இரண்டு மணி நேரம் மிச்சம், நான் மாற்றத் தயாராகிவிட்டேன். நூர்ஜஹான் நல்ல துடுப்பு ஒன்றைக் காதருகே வைத்து மெல்ல வளைத்தார். மெலிதாக 'கிரிச்' என்றது. "இதுவும் போச்சு சார்." மூன்றையும் பிடுங்கிவிட்டு, இரண்டாவது ராக்கெட்டின் சிவப்புத் துடுப்புகளைப் போட வேண்டும் என்றார். நேரமில்லை என்று எரிந்து விழுந்தேன். அவர் வாயை மூடிக்கொண்டார். காலையில் ராக்கெட்டைக் கெடுத்த அதே மௌனம்.

நான் கையிலிருந்ததைக் கீழே வைத்தேன். "இங்க பாரு. இன்னையிலிருந்து ஒரு வழக்கம். இந்த வேலையில நிக்கற ஆரு வேணாலும் நிறுத்துன்னு சொல்லலாம். சொன்னா எல்லாக் கையும் நிக்கணும். காரணத்த அப்பறம் கேட்டுக்கலாம். நான் கோவப்பட்டாலும் நீ சொல்லணும்" என்றேன்.

"அப்ப நிறுத்துங்க சார்" என்றார் உடனே. "மூணையும் மாத்தணும்."

மாற்றினோம். பெரிய துடுப்பு வந்ததால் வால் கனத்தது, கயிற்றில் கட்டித் தலைக்கு மேலே சுழற்றிப் பார்த்தபோது மூக்கு முன்னால் நிற்காமல் அலைந்தது. என் சட்டைப்பையில் கிடந்த ஒரு லாரி வாஷரை மூக்குக்குள் வைத்ததும் நேராகப் பறந்தது. மூக்கைச் சுரண்டித் தேய்த்து, ராக்கெட்டைத் தலைகீழாகப் பிடித்து ஒரு உதறு உதறினால் கழலும்படி வைத்தோம். மூன்றேகாலுக்கு வேலை முடிந்தது. நீலம், வெள்ளை, சிவப்பு என்று ஒட்டுப்போட்ட லுங்கி மாதிரி இருந்தது. என் முப்பத்து மூன்று வருடத்தில் அதைவிட அழகான சாமானை நான் செய்ததில்லை, சந்தேகமே வேண்டாம்.

நாலு மணிக்குப் பந்தல் நிறைந்தது. தாளாளரின் மனைவி தாம்பாளத்தோடு வந்தார். நான் தட்டை வாங்கி, ராக்கெட்டை நிறுத்தியிருந்த இரும்புத் தாங்கியின் காலில் பொட்டு வைத்தேன். தாளாளர் பார்த்துத் தலையை ஆட்டினார். சிறப்பு விருந்தினர் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், அதற்குள் இரண்டு தடவை கைக்கடிகாரம் பார்த்துவிட்டார். சுவிட்சுச் சாவி என் பொறுப்பு. அந்தச் சாவி திரும்பியிருந்தால்தான் பொத்தான் வேலை செய்யும். முதல்வர் மைக்கில் எண்ண ஆரம்பித்தார்.

"ஐந்து... நான்கு... மூன்று..."

"நிறுத்துங்க!"

நூர்ஜஹான்தான். மைக் இல்லாமலே பந்தல் முழுக்கக் கேட்டது. நான் சாவியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஏன் என்று கேட்கவில்லை. என் வாழ்க்கையில் நான் சரியாகச் செய்த காரியம் ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

கூட்டத்தில் சிரிப்பு. முதல்வர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு எங்களை முறைத்தார். தாளாளர் வேட்டியை மடித்துக் கட்டியபடி நடந்து வந்தார். அந்த நடை எனக்குத் தெரியும், நல்லதுக்கு வருகிற நடை இல்லை.

நூர்ஜஹான் பந்தல் தோரணத்தைக் காட்டினார். மதியம் முழுக்கக் காட்டுப் பக்கம் ஆடிக்கொண்டிருந்த காகிதம் இப்போது ரோட்டுப் பக்கம் விறைத்துக்கொண்டு நின்றது. ரோட்டில் லாரி மேல் லாரியாகப் போய்க்கொண்டிருந்தது. "காத்து திரும்பிடுச்சு சார். இப்ப விட்டா குடை விரியும். ஆனா ரோட்டு மேலதான் போய் எறங்கும். லாரிக்காரர் கண்ணுக்கு முன்னால கறுப்பா ஒண்ணு வந்து உழுந்தா என்ன ஆகும்?"

தாளாளர் தோரணத்தைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். "ஐயா கெளம்பணும்ங்கறாருங்க" என்றார் என்னிடம்.

"எங்கிட்டக் கேக்காதீங்க. இந்த அம்மாதான் சொல்லணும்" என்றேன்.

காத்திருந்தோம். பத்து நிமிடம் இருக்கும், எனக்குப் பத்து வருடம். சிறப்பு விருந்தினர் எழுந்து கார் வரைக்கும் போய், கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். பின்வரிசையில் ஆட்கள் கலைய ஆரம்பித்தார்கள். நூர்ஜஹான் யாரையும் பார்க்கவில்லை, தோரணத்தை மட்டுமே பார்த்தார். அது மெதுவாகத் தொங்கியது. அப்புறம் காட்டுப் பக்கம் ஒரு ஆட்டம் ஆடியது.

"இப்ப சார்."

சாவியை அவர் கையில் கொடுத்தேன். அவரே திருப்பினார், அவரே பொத்தானை அழுத்தினார்.

அது போனது பாருங்கள்! மூன்று நிறமும் ஒரே கோடாகப் போயின. உச்சியில் 'டப்' கேட்டது. மூக்கு தனியாகத் தெறித்தது தெரிந்தது. அதன் பின்னால் கறுப்பாக என்னவோ நீண்டு வந்து, ஒரு குலுக்குக் குலுக்கிப் படாரென்று விரிந்தது. பந்தலே எழுந்து நின்று கத்தியது. கலைந்து போனவர்கள் ஓடி வந்தார்கள். நான் யாரையோ கட்டிப்பிடித்திருந்தேன், பார்த்தால் முதல்வர். ராக்கெட் ஆடி அசைந்து இறங்கி, குச்சிக்கிழங்குக் காட்டில் உட்கார்ந்தது. காட்டுக்காரரே அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பந்தலுக்கு வந்தார்.

"இந்தத் தடவ மொறையா வந்துச்சுங்க" என்று தாளாளரிடம் நீட்டினார்.

சிறப்பு விருந்தினர் காரை விட்டுத் திரும்பி வந்திருந்தார். தாளாளர் ராக்கெட்டை அவரிடம் கொடுத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். "பந்தல்ல அத்தனை பேரு இருக்கையில, நான் இருக்கையில, நிறுத்துன்னு கத்துனயே. உனக்குப் பயமா இல்லையாம்மா?"

"இருந்துச்சு சார்" என்றார் நூர்ஜஹான். "ஆனா சொல்லலாம்னு காலையில ஃபோர்மேன் சார் சொல்லியிருந்தாரு."

தாளாளர் தன் வலது கையை நீட்டி விரல்களை விரித்துப் பார்த்தார். ஐந்தும் இருந்தன.

"ரிக்குல ராடு மாட்டறப்ப ஒரு நாளு இந்தக் கைய உள்ள உட்டுட்டேனுங்க" என்றார், யாரிடம் என்று இல்லாமல். "அன்னைக்கு வேலைக்குச் சேந்த ஆளு ஒருத்தன், நிறுத்துன்னு கத்துனான். பாசை கூட வேற. ஆப்பரேட்டரு நிறுத்திட்டான். வேலையக் கெடுத்துட்டான்னு அவனத்தான் நான் மொதல்ல திட்டுனேன். அடுத்த நாளு அவன் வரல. அப்பறம் தேடிப் போனேன், பேரும் தெரியல, ஊரும் தெரியல."

அவர் முதல்வரைப் பார்த்தார். "ஆர்டரு இன்னைக்கே அடிங்க. இந்தப் புள்ளையாவது இங்கயே இருக்கட்டும்."